கீழே வைக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை: ஒரு ஆன்டி ஹீரோ நாவலைப் பற்றி

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். மதுரையில் நடக்கும் ஒரு ஆன்டி ஹீரோ நாவலை, அதாவது நாயகனே வில்லன் மாதிரி நடந்துகொள்ளும் காதல் கதையை, எடுத்தீர்கள், விடிய விடியப் படித்தீர்கள். முடித்ததும் ‘இதையா இவ்வளவு ரசித்தோம்’ என்று உங்கள் மேலேயே ஒரு அருவருப்பு. தோழி, ‘கதைதானே, விடுடி’ என்கிறாள். அக்கா, ‘சீ, இதையெல்லாம் ஒரு பொம்பளப் பிள்ள படிப்பாளா’ என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி, இது நல்ல நாவல்தானா, அடுத்த பாகம் வாங்கலாமா, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் கேட்கிறாள், கொடுக்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

நானும் படித்தேன். எனக்கும் கீழே வைக்க முடியவில்லை, எனக்கும் கடைசியில் எரிச்சல்தான். ஆனால் என் எரிச்சல் உங்கள் அக்காவின் எரிச்சல் இல்லை. நாவல் இருட்டாக இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பாதிக்கு மேல் அது தன் இருட்டைப் பார்த்துத் தானே பயந்து, சுவரெல்லாம் வெள்ளையடிக்க ஆரம்பித்துவிடுகிறது. அங்கேதான் ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது.

எங்கள் அப்பா சிம்மக்கல் பக்கம் வாடகை நூலகம் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நோட்டில் பெயரெழுதிப் புத்தகம் கொடுக்கிற வேலை எனக்கு. பிறகு சட்டம் படித்து, இப்போது பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் குடும்ப வழக்கு. ஆகவே இந்த மாதிரிக் கதைகளை ஆசையாக வாங்கிப் போகிறவர்களையும் தெரியும், அந்தக் கதை நிஜத்தில் நடந்தால் எந்தப் பிரிவில் வரும் என்பதும் தெரியும்.

கதை தெரியாதவர்களுக்காக: வடக்கு மாசி வீதியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். மேலூர்ப் பக்கம் குவாரி வைத்திருக்கும் ஒருவனின் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று கண்டுபிடிக்கிறாள். அவன் அவளைப் பார்க்க வருகிறான், பிறகு பின்தொடர்கிறான். கோரிப்பாளையம் சிக்னலில் ஆரம்பித்து வீடு வரைக்கும் அவள் ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே அவன் கார். ஒரு நாள் விடியற்காலையில் தூக்கிப்போய், அழகர்மலை அடிவாரத்தில் யாரும் வராத ஒரு சின்னக் கோயிலில் வைத்துத் தாலி கட்டுகிறான். பிறகு சிறுமலைப் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் அடைத்து வைக்கிறான்.

இதுவரை கேட்டால் நூறு நாவலில் படித்த கதை. ஆனால் இந்த எழுத்தாளருக்கு எழுதத் தெரியும். ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 30-க்குள் வரித் தணிக்கை அறிக்கை போக வேண்டும் என்ற நெருக்கடியில் தரையெல்லாம் ஃபைல், மேஜை மேல் ஆறிப்போன பருத்திப்பால் டம்ளர், யாருக்கும் யார் மேலும் பொறுமையில்லை. அங்கே வேலை பார்த்தவரோ, பார்த்தவர் பக்கத்தில் இருந்தவரோதான் அதை எழுதியிருக்க முடியும்.

அப்புறம் அந்த ஏழாவது அத்தியாயம். தோட்ட வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் குளியலறைக்குப் போகிறாள். கதவை உள்ளே சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைத் தேடிக் கை போகிறது. தாழ்ப்பாள் இல்லை. நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருக்கிறது. கதவு முழுக்க வெளுத்திருக்க, தாழ்ப்பாள் இருந்த இடம் மட்டும் அதன் வடிவத்திலேயே பழைய பச்சை நிறத்தில் இருக்கிறது. அவள் சோப்பைக் கிள்ளி அந்த நாலு ஓட்டையையும் அடைக்கிறாள். மறுநாள் பார்த்தால் சோப்பை யாரோ குச்சியால் நோண்டி எடுத்திருக்கிறார்கள். அவன் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. எழுத்தாளரும் ‘கொடுமை’, ‘பயங்கரம்’ என்று ஒரு சொல் போடவில்லை. நான் எழுந்து போய் என் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அடைத்து வைப்பது என்றால் என்ன என்று இவ்வளவு சரியாகச் சொன்ன பக்கம் தமிழ்க் குடும்ப நாவல்களில் எனக்கு வேறு ஞாபகம் வரவில்லை. வழக்கு மனுக்களில் ‘துன்புறுத்தினார்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகிறோம். அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பது அந்த நாலு ஓட்டையில் தெரிகிறது.

சரி, இவ்வளவு பயமுறுத்துகிற கதையை ஏன் கீழே வைக்க முடியவில்லை? உங்கள் மனம் கெட்டுப்போனதால் இல்லை. அதன் கட்டுமானம் அப்படி. ஒரு அத்தியாயம் அவள் சொல்வதாக, அடுத்தது அவன் சொல்வதாக மாறி மாறி வருகிறது. அவளுக்குத் தெரியாத ஒன்று அதனால் நமக்குத் தெரிந்துவிடுகிறது: இவன் அவளைக் கொல்ல மாட்டான், அவளை நினைத்துத் தூங்காமல் கிடக்கிறான். அவள் பயத்தில் நடுங்குகிற அதே நேரத்தில் நம் கையில் ஒரு உத்தரவாதச் சீட்டு இருக்கிறது. காதல் நாவல் என்று போட்டிருக்கிறது, ஆகவே சுபமாகத்தான் முடியும் என்பதும் தெரியும். ஆபத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம், நமக்கு ஒன்றும் ஆகாது. அப்படி ஒரு வசதி கிடைத்தால் யாருக்குத்தான் பக்கம் புரட்டத் தோன்றாது?

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் காதல் நாவல் படிக்கும் பெண்களிடமே போய்ப் பேசி 1984-இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்களுக்கு நாயகன் நாயகியைப் பலவந்தப்படுத்துவது அறவே பிடிக்காது. ஆனாலும் முரட்டு நாயகன் வரும் கதைகளைப் படித்தார்கள். அவனுடைய முரட்டுத்தனம் உண்மையில் காதல்தான், அவள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று கதை கடைசியில் நிரூபித்துக் காட்டிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. எங்கள் நூலகத்திலும் இதைத்தான் பார்த்தேன். வீட்டில் கணவன் முகம் சுளித்தால் என்ன காரணமோ என்று நாள் முழுக்கக் குழம்புகிற பெண்ணுக்கு, நாவலில் அந்தச் சுளிப்புக்குக் காரணம் எழுதி வைத்திருக்கிறது. அதுவும் அவள் மேல் உள்ள ஆசைதான் காரணம் என்று எழுதியிருக்கிறது. கடத்தல் நாயகன் நாவல்களை ஆன்மிகப் பத்திரிகைக்குள் செருகி வாங்கிப்போன ஒரு டீச்சரம்மா உண்டு. வகுப்பில் அவரைக் கண்டால் பிள்ளைகள் நடுங்குவார்கள். அவரைக் கடத்த எவனுக்கும் தைரியம் வந்திருக்காது.

ஆகவே உங்கள் அக்கா சொல்வதை விட்டுவிடுங்கள். ஆனால் தோழி சொல்வதையும் என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை. ‘கதைதானே’ என்று விட்டுவிட முடியாத ஒரு பொருள் இந்த நாவலில் இருக்கிறது. அது தாலி.

ஆங்கிலத்தில் டார்க் ரொமான்ஸ் என்று விற்கும் புத்தகங்களில் பலவற்றில் முதல் பக்கத்திலேயே உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எச்சரிக்கை போட்டுவிடுகிறார்கள். கடத்தல் உண்டு, பலவந்தம் உண்டு, இஷ்டமிருந்தால் படி. நாயகன் செய்வது குற்றம் என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். நம் ஊரில் அதே சரக்கு ‘குடும்ப நாவல்’ என்ற பெயரில் பல வருடமாகப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கியது. எச்சரிக்கை தேவைப்படவில்லை, ஏனென்றால் தொடக்க அத்தியாயங்களிலேயே தாலி ஏறிவிடும். அதற்குப் பிறகு அவன் என்ன செய்தாலும் அவன் புருஷன். இந்த நாவலிலும் அவளுடைய அம்மா தோட்ட வீட்டுக்கு வருகிறாள், மகள் கழுத்தைப் பார்க்கிறாள், ‘கட்டிட்டானேடி’ என்று அழுதுவிட்டு, தனியாகவே பஸ் ஏறிப் போய்விடுகிறாள். மகளைக் கூட்டிப்போக வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. அந்தக் காட்சி நிஜம். அப்படி ஏறிப்போன அம்மாக்களை எனக்குத் தெரியும்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் நாவலைவிட அது திருப்பமானது. கட்டாயத் திருமணத்துக்காக ஒரு பெண்ணைக் கடத்தினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 87-ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை சிறை. அந்தத் திருமணத்தையும் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 12-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் மனுப்போட்டு ரத்து செய்யலாம். ஆனால் வற்புறுத்தல் நின்ற ஓராண்டுக்குள் போட வேண்டும். நின்ற பிறகு அவள் முழுச் சம்மதத்தோடு அவனுடன் சேர்ந்து வாழ்ந்திருந்தால் மனு எடுபடாது. இப்போது நாவலின் பதினெட்டாம் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். மழை பெய்கிறது, மின்சாரம் போகிறது, அவளுக்கு அவன் மேல் மனம் இளகுகிறது, வாசகர்கள் உருகுகிறார்கள். எனக்கோ, ‘போச்சு, இவளுடைய மனு இங்கே அடிபட்டுப் போச்சு’ என்றுதான் தோன்றியது. தொழில் புத்தி.

இன்னொன்று. மனைவி பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவள் என்றால் கணவன் செய்யும் பலவந்தத்தைப் பாலியல் வன்புணர்வு என்று நம் குற்றவியல் சட்டம் இன்றும் சொல்வதில்லை. 2024 ஜூலையில் அந்தப் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் 63-ஆம் பிரிவில் அந்த விதிவிலக்கை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமையைச் சொல்லிப் பாதுகாப்பு கேட்கலாம், அவ்வளவுதான். ஆகவே தாலியை எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டாக ஆக்கியது இந்த எழுத்தாளர் இல்லை. அவர் அதை எடுத்துக் கதையில் வைத்தார். வைத்துவிட்டு அதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாரா என்றுதான் பார்க்கிறேன்.

கேட்க முடியாத ஊர் ஒன்றும் இல்லை இது. அல்லி அரசாணி மாலை என்று புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கதைப்பாட்டு இருக்கிறதே, பெரிய எழுத்துப் புத்தகமாக வந்தது, பாட்டிமார்களுக்குப் பாதி மனப்பாடம். மதுரையை ஆளும் அல்லிக்கு ஆண் வாடையே ஆகாது. அர்ச்சுனன் அவள் மேல் ஆசைப்பட்டு என்னென்னவோ செய்து பார்க்கிறான், நடக்கவில்லை. கடைசியில் கண்ணன் உதவியோடு பாம்பு உருவத்தில் அவள் படுக்கை வரை போய், தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். இன்றைக்கு எழுதினால் டார்க் ரொமான்ஸ் என்றுதான் பெயர் வைப்பார்கள். ஆனால் விழித்தெழுந்த அல்லி கொதிக்கிற கொதிப்பையும் அந்தப் பாட்டு பாடுகிறது. கழுத்தில் தாலி கிடப்பதால் அவள் கோபம் அடங்கிவிடவில்லை. தொல்காப்பியரும் ‘மிக்க காமத்து மிடல்’ என்று, ஆசை மிஞ்சிப் பலத்தைக் காட்டுவதை, பொருந்தாத காமத்துக்கான பெருந்திணையில் சேர்த்தார். இலக்கியத்தை விட்டு வெளியே தள்ளவில்லை, ஒத்த காதலைப் பாடும் அன்பின் ஐந்திணையோடு ஒன்றாகக் கலந்துவிடவும் இல்லை. தனியாக ஒரு இடம் கொடுத்து வைத்தார். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நாவலுக்கு அந்தத் துணிவு பாதியில் போய்விட்டது. இருபதாம் அத்தியாயத்தில் நாயகனின் சின்ன வயது வருகிறது. அம்மா ஓடிப்போனாள், அப்பா குடித்தார், சித்தி சூடு வைத்தாள். பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை துயரமும் ரசீது மாதிரி நம் கையில் திணிக்கப்படுகிறது, இந்தா, கணக்கு நேராகிவிட்டது என்று. பிறகு சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில், வைகைக் கூட்டத்துக்குள், அவளுக்கு விழ வேண்டிய கத்தியை அவன் வாங்கிக்கொள்கிறான். (மதுரை நாவலில் அழகர் இறங்கும்போது யாராவது கத்திக்குத்து வாங்கியே தீர வேண்டும் என்று எங்கோ சட்டம் போட்டிருக்கிறார்கள் போல. ஜிகர்தண்டாவும் ஒரு இடத்தில் வந்துவிட்டது.) ஆஸ்பத்திரி வாசலில் அவள் கதறுகிறாள், அடுத்து வளைகாப்பு, அடுத்து குழந்தை.

இதற்கு நடுவில் இரண்டு பொருள் காணாமல் போகின்றன. ஒன்று, அந்த ஃபைல். இரண்டாம் அத்தியாயத்தில் அவனுடைய கணக்கில் உள்ள ஓட்டையை அவள் பென் டிரைவில் எடுத்து வைத்தாள். ஊர்ப் பணத்தை விழுங்கிய ஒருவனை மாட்ட வைக்கும் சாட்சி அது. கதையே அதில்தான் தொடங்கியது. கடைசிவரை அந்தப் பென் டிரைவ் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, தொழில் தெரிந்த அவளே கேட்கவில்லை. இரண்டு, அந்தத் தாழ்ப்பாள். கடைசி அத்தியாயத்தில் அதே தோட்ட வீட்டில்தான் குழந்தையோடு வாழ்கிறார்கள். குளியலறைக் கதவில் தாழ்ப்பாளைத் திருப்பிப் போட்டார்களா? யார் போட்டார்கள்? அவன் தன் கையால் திருகாணியை முடுக்கி, நான் கழற்றினேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால்கூட நான் பாதி சமாதானம் ஆகியிருப்பேன். அவன் மன்னிப்புக் கேட்கிறான், உண்மைதான். ‘உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன்’ என்று பொதுவாகக் கேட்கிறான். செய்ததைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. நீதிமன்றச் சமரசத்தில் ஆண்கள் இப்படித்தான் கேட்பார்கள், ‘ஏதோ நடந்துபோச்சு’ என்று.

இது தமிழுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. இங்கிலாந்தில் சாமுவேல் ரிச்சர்ட்சன் 1740-இல் ‘பமேலா’ எழுதினார். எஜமான் வேலைக்காரப் பெண்ணைத் துரத்துகிறான், ஒரு வீட்டில் அடைத்து வைக்கிறான், அவள் மசியவில்லை என்றதும் மனம் திருந்திக் கல்யாணம் செய்துகொள்கிறான். ஊரே கொண்டாடியது. 1747, 48-இல் அதே ஆள் ‘கிளாரிஸா’ எழுதினார். அதிலும் ஒருத்தியை ஏமாற்றிக் கூட்டிப்போகிறான், மயக்க மருந்து கொடுத்துக் கெடுக்கிறான், பிறகு கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். செத்தாலும் மாட்டேன் என்று செத்தே போகிறாள். புத்தகம் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தபோதே வாசகர்கள் கடிதம் எழுதிக் கெஞ்சினார்கள், அவனைத் திருத்தி இரண்டு பேரையும் சேர்த்து வையுங்கள் என்று. ரிச்சர்ட்சன் அசையவில்லை. நம் எழுத்தாளரும் எபி எபியாக, அதாவது அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டு எழுதியவர். தொடராக எழுதும்போது நாயகனை ரொம்பக் கெட்டவனாக ஆக்காதீர்கள் என்று வாசகர்கள் எவ்வளவு நெருக்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் முதல் பாதியில் கிளாரிஸாவை எழுதத் தொடங்கி, இரண்டாம் பாதியில் பமேலாவாக முடித்துவிட்டார் என்று தோன்றுகிறது.

ஒரு சில்லறைக் குறையும் சொல்லிவிடுகிறேன், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த நாவலில் அடியாட்கள் மட்டும்தான் மதுரைத் தமிழ் பேசுகிறார்கள். ‘தூக்கிருவோமாண்ணே’, ‘என்னாங்கிறீக’ எல்லாம் அவர்களுக்கு. மேலூரிலேயே பிறந்து வளர்ந்த நாயகன் மட்டும் ‘நீ என்னுடையவள், உன்னை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்’ என்று மேடைத் தமிழ் பேசுகிறான். அவன் வாயில் ஊர்ப் பேச்சை வைத்தால் அவனும் ஒரு ரௌடி என்பது வெளியே தெரிந்துவிடும் என்று எழுத்தாளர் பயந்திருக்கலாம்.

நல்ல நாவலா என்று கேட்டீர்கள். முதல் பாதி நல்ல நாவல், நன்றாக எழுதப்பட்டது. அதை ரசித்ததற்கு நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடித்ததும் வந்த அருவருப்பையும் உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏழாவது அத்தியாயத்தைக் கவனமாகப் படித்தவர்களுக்குக் கடைசி அத்தியாயம் தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான்.

அக்கா மகளுக்கு நீங்களாக எடுத்துக்கொடுக்க வேண்டாம் என்பேன். ஆனால் போனிலேயே எல்லாம் கிடைக்கிறது, அவள் ஏற்கெனவே படித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. படித்திருந்தால் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த புத்தகத்தை உங்களிடம் சொல்ல மாட்டாள். பேசுவதென்றால் கடத்தலைப் பற்றிப் பேசாதீர்கள், அது சினிமா என்று அவளுக்கே தெரியும். மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேசுங்கள், அந்த ஸ்கூட்டிக்குப் பின்னால் கார் வருகிற அத்தியாயம். கடத்தல் எங்கோ நடப்பது. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை ஒருவன் பின்னாலேயே வருவது இந்த வயதில் எந்தப் பிள்ளைக்கும் நடக்கலாம். அந்த அத்தியாயம்தான் இந்தப் புத்தகத்திலேயே அழகாக எழுதப்பட்டது, ஆபத்தும் அதில்தான் அதிகம். வேண்டாம் என்று காட்டிய பிறகும் பின்தொடர்வது அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம், முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை என்பதையும், பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடலாம் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவையுங்கள்.

அடுத்த பாகம் நாயகனின் தம்பியைப் பற்றியதாம். முதல் பாகத்தில் அந்தக் காரை ஓட்டிப்போனவன் அவன்தான், தோட்ட வீட்டு வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டவனும் அவன்தான். அவனுக்கும் ஒரு சின்ன வயதுத் துயரத்தை எழுத்தாளர் இந்நேரம் தயார் செய்து வைத்திருப்பார். நான் வாங்கத்தான் போகிறேன். நீங்கள் வாங்காவிட்டால் சொல்லுங்கள், என்னுடையதைப் படித்துவிட்டுத் தருகிறேன்.